ஒரு குருந்தங்கிளைக்காக இரண்டு முறை கொட்டாம்பட்டி

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்துச் சனிக்கிழமை இந்தப் பயணம் போனேன். அடுத்த சனிக்கிழமை அதே இடத்துக்கு மறுபடியும் போக வேண்டியதாயிற்று. அதனால் இதில் வரும் பஸ் நேரமும் ஆட்டோ வாடகையும் இரண்டு தடவை சரிபார்த்தவை, நம்பலாம். மற்றதை உங்கள் இஷ்டம்போல எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகத் தாவரவியல் நடத்துகிறேன். இந்த வலைப்பக்கத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு என்னைத் தெரியும். எந்தக் கண்மாய்க் கரையில் என்ன மரம், அங்கே போக எந்த பஸ், பக்கத்தில் டீ நன்றாக இருக்குமா என்று எழுதுகிற ஆள். எழுதாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் ஜெபக்குறிப்பு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. யார் வீட்டில் ஆபரேஷன், யார் மகளுக்கு வரன் தகையவில்லை, யார் பையனுக்கு வேலை இல்லை என்று எல்லாரும் என்னிடம் சொல்வார்கள், எழுதிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தப் பெயர்களை வாசித்து ஜெபிப்பதும் நான்தான். டீச்சர் ஜெபித்தால் ஆண்டவர் கேட்பார் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக எனக்கு ஜெபம் வரவில்லை. வாய் ஜெபிக்கும், நன்றாகவே ஜெபிக்கும். கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. என் வீட்டில் சாவு விழவில்லை, நோய் நொடி இல்லை, கணவரோடு சண்டைகூடச் சில்லறைச் சண்டைதான். காரணம் ஒன்று இருந்தால் அதன்மேல் கோபப்பட்டுத் தொலைக்கலாம். ஒரு மழைக்காலத்தில் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் பார்த்தால் அவரைக் காணோம்.

எனக்கு அவர் அறிமுகமானது ஆலயத்துக்குள் அல்ல. இருபத்திரண்டு வயதில், படிப்புக்காகச் செடி சேகரிக்கப் போய், திருமங்கலம் தாண்டி ஒரு பருத்திக்காட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மேற்கே மேகம் கட்டியிருந்தது. இன்னும் ஒரு சொட்டு விழவில்லை, அதற்குள் கரிசல் மண் மணக்க ஆரம்பித்துவிட்டது. அப்போது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். உருவம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. வந்து நின்றார், அவ்வளவுதான். பயமே இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம், வேம்பு பூத்தாலும் கண்மாய் நிறைந்தாலும் அவர் அங்கே இருப்பார். நான் அவரைத் தேடி எங்கும் போனதில்லை.

ஊருக்குப் போன தாயைத் தேடிக் கைக்குழந்தை காய்ச்சலில் விழும் என்பார்களே, ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அப்படித் தேடியது. உபவாசக் கூட்டங்களுக்குப் போனேன். கொடைக்கானலில் மூன்று நாள் தியான முகாமுக்குப் போய் ஜலதோஷத்தோடு திரும்பினேன். வெட்கத்தை விட்டுத் திருமங்கலத்து வரப்பைக்கூடத் தேடிப் போனேன். அங்கே இப்போது லாரிகள் நிற்கின்றன.

இந்த நிலையில்தான் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஊர் மரங்களைப் பற்றி ஒரு செயல்திட்டம் எழுதிக் கொடுத்தாள். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோயில்காடு இருக்கிறது, அதில் சாமிக்குச் சிலை இல்லை, கூரை இல்லை, உள்ளேயிருந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் வெளியே கொண்டுவர மாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். மார்க் போட்டுவிட்டு நோட்டை மூடினேன். இரண்டு நாள் கழித்து, அங்கே போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. வேறு ஒருவருடைய சாமி காடு, உனக்கு அங்கே என்ன வேலை என்று சபையில் யாராவது கேட்கலாம். கேட்கட்டும்.

காலை 6.40க்கு மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ். ஏறும்போதே "கொட்டாம்பட்டி ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டுவிடுங்கள். சில பஸ்கள் நாற்கரச் சாலையிலேயே போய்விடும், பாலத்தடியில் இறங்கி நடக்க வேண்டும். நான் கேட்காமல் ஏறி நடந்தேன், பதினைந்து நிமிடம். டிக்கெட் 45 ரூபாய். பயணம் ஒரு மணி பத்து நிமிடம். மேலூர் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் பாறைக் குன்றுகள் வரிசையாக வரும். அறுவடை முடிந்த வயல்களில் தாளடி, அதில் கொக்குகள். முன்பு இந்தக் காட்சிக்கே எனக்குக் கண் கலங்கும். அன்றைக்கு, கொக்குகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை, டீ 12 ரூபாய், சுமார்தான். அங்கேயே ஆட்டோ கிடைக்கும். எனக்கு வாய்த்தவர் ஜமால் பாய், நாற்பத்தைந்து வயதிருக்கும், பேச்சுக்குக் குறைவில்லை. ஏழு கிலோமீட்டர், போகவர 350 ரூபாய், காத்திருப்பும் அதிலேயே சேர்த்தி. கோயில்காடு என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டுதலா டீச்சர்?"

"இல்ல பாய், சும்மா பாக்கணும்."

"சும்மா பாக்க அம்புட்டுத் தூரத்துலருந்து வாரீகளா?" என்று சிரித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

புளியமரச் சாலை முடிந்து மண்பாதை. கடைசியில் சமவெளி நடுவே தனியாக ஒரு காடு. பத்து ஏக்கர் இருக்கலாம். சுற்றிலும் கடலைக் கொல்லைகள், அவற்றுக்கு நடுவே கரும்பச்சையாக. எல்லைக்கு ஐம்பதடி முன்பே ஜமால் பாய் ஆட்டோவை நிறுத்திச் செருப்பைக் கழற்றினார். "நீங்களும் வரீங்களா?" என்றேன். "நா வரல. ஆனா இங்கன செருப்போட நிக்கிறதில்ல. எங்க அத்தா காலத்துலருந்து அப்படித்தேன்" என்றார்.

எல்லையில் ஒரு பெண் வெள்ளாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பெயர் செல்வி. ஆடுகள் காட்டுக்குள் தலையை நீட்டினால் குச்சியை ஓங்குவாள், அடிக்க மாட்டாள். உள்ளே போகலாமா என்று கேட்டதற்கு விதிகளை மடமடவென்று ஒப்பித்தாள்.

"தாராளமா போங்க அக்கா. செருப்பு ஆகாது. பூவு, காயி, எல, சுள்ளி ஒண்ணும் எடுக்கப்படாது. வெளிய வந்ததும் அந்தப் பலகக்கல்லுல ஒக்காந்து சேலையில ஒட்டுன வெதையெல்லாம் பிச்சு உள்ள போட்டுட்டுத்தேன் போகணும். ஒத்த வெத கூட வெளிய போகப்படாது."

"போனா என்னவாம்?"

"சாமிக்கு எண்ணிக்கை தெரியும்ல."

அது என்ன சாமி என்று கேட்டேன். "அதெல்லாம் பூசாரியத்தேன் கேக்கணும். அவரு கண்ணுல பொர உரிக்க மதுரைக்குப் போயிருக்காரு" என்றாள்.

உள்ளே ஒன்றரை மணி நேரம் இருந்தேன். உசிலை, வெப்பாலை, நெய்க்கொட்டான், கருங்காலி என்று சமவெளியில் நான் தனித்தனியாகப் பார்த்த மரங்கள் எல்லாம் அங்கே தோளோடு தோள் நிற்கின்றன. தரையில் கணுக்கால் புதையச் சருகு. எங்கேயோ செம்போத்து ஒன்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தேன், வகுப்பெடுக்கிற மாதிரி. பிறகு எலுமிச்சை இனத்துக் குருந்த மரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்து ஜெபக்குறிப்பு நோட்டைத் திறந்தேன். இங்கேயாவது வருவாரா என்று காத்திருந்தேன். எறும்பு கடித்தது. நோட்டில் நான்கு மரப் பெயர்களைக் குறித்துக்கொண்டு எழுந்து வந்தேன். பலகைக்கல்லில் உட்கார்ந்து சேலைக் கரையில் ஒட்டியிருந்த நாயுருவி விதைகளை ஒன்று விடாமல் பிய்த்துப் போட்டேன். செல்வி மேற்பார்வை பார்த்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் எப்படி இருந்தது என்று கேட்டார். அருமையான காடு என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் ஞாயிறு. மன்றாட்டு ஜெபத்துக்கு என்னை அழைத்தார்கள். அந்த வாரம் முப்பத்தொரு பெயர். மைக் முன்னால் நின்று நோட்டைத் திறந்தேன். நடுப்பக்கத்தில் ஒரு குருந்தங்கிளை இருந்தது.

விரல் நீளம், நான்கு இலை, இரண்டு மொட்டு. பக்கங்களுக்கு நடுவே நசுங்கியதில் ஆரஞ்சுத்தோல் வாசம் முகத்தில் அடித்தது. செடியைப் பார்த்தால் ஒரு கிளையைக் கிள்ளி நோட்டுக்குள் வைப்பது எங்கள் தொழிலில் மூச்சு விடுவது மாதிரி, கை தானாகச் செய்யும். முப்பது வருஷப் பழக்கம். நகத்தளவு விதைகளைப் பார்த்துப் பார்த்துப் பிய்த்துப் போட்டவள், கைப்பைக்குள் கிளையோடு பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

சபை பார்ப்பதற்குள் அதை உள்ளங்கையால் மறைத்தேன். பயம். இன்னதென்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. திருடிவிட்டேன் என்ற பயம் அது. யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார், ஒன்று குறைகிறது என்று அவருக்குத் தெரியும் என்ற பயம். யாரும் இல்லாத இடத்தில் எடுத்ததற்கு யாரிடம் பயப்படுவது? இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று இருந்தவளுக்கு, ஆலயத்தில் இருநூறு பேர் முன்னால், அந்தப் பக்கம் யாரோ இருப்பதுபோல இருந்தது. அதுவும் என்மேல் மனத்தாங்கலோடு. எனக்கு அழுகை முட்டியது. முப்பத்தொரு பெயரையும் வாசித்தேன். குரல் நடுங்கியதைச் சபை உருக்கம் என்று எடுத்துக்கொண்டது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கணவர், "பிரஷர் கூடிருச்சா?" என்று கேட்டார். அவர் தபால் துறையில் இருக்கிறார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து காட்டினேன். கிளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கா? ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிருவோம். அட்ரஸ் என்ன போடணும், காட்டுச்சாமி, கொட்டாம்பட்டி வழியா?"

நான் சிரிக்கவில்லை. அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "சரி, சனிக்கிழமை போயிட்டு வா. நா சோறு வடிச்சுக்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வாரமும் அந்தக் கிளையை நோட்டிலிருந்து எடுக்கவில்லை. தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். இலை சுருண்டது, மொட்டு பழுப்பானது, வாசம் குறைந்தது. வாசம் முழுவதும் போவதற்குள் சனிக்கிழமை வந்துவிட வேண்டும் என்று தவித்தேன். ஏன் என்று இப்போதும் விளக்கத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை ஊருக்குள் போகிற பஸ்ஸாகக் கேட்டு ஏறினேன். 8.05க்கு இறங்கியபோது ஜமால் பாய் அங்கேயே நின்றார். விஷயத்தைச் சொன்னதும் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார்.

"அடப்பாவமே! படிச்சவுக பண்ற வேலையா டீச்சர் இது?"

செல்வி இன்னும் கறாராக இருந்தாள். கிளையை வாங்கிப் பார்க்கக்கூட மாட்டேன் என்றாள். தொட்டால் அவளும் எடுத்தவளாகிவிடுவாளாம்.

"எடுத்த கையாலதேன் வைக்கணும், எடுத்த எடத்துலயே வைக்கணும். வச்சுட்டு வாய்விட்டுச் சொல்லணும்."

"என்னன்னு?"

"எடுத்துட்டேன்னு. இந்த ஊருல எம்புட்டுப் பேரு வந்து சொல்லியிருக்காக. வெறகு எடுத்தவுக, தேன் எடுத்தவுக."

"மனசுக்குள்ள சொன்னாப் போதாதா?"

"மனசுக்குள்ள சொன்னா ஒங்களுக்குத்தேன் கேக்கும்."

8.40க்கு உள்ளே போனேன். குருந்த மரத்தைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. எந்த நுனி என்பதுதான் பாடு. இருபது நிமிடம் தேடி, கையில் இரண்டு இடத்தில் முள் கிழித்து, நகத்தால் கிள்ளிய காயத்தைப் பார்த்தேன். கிளையின் முறிவும் மரத்தின் முறிவும் சரியாகப் பொருந்தின. அதற்கு நேர் கீழே சருகின்மேல் கிளையை வைத்தேன். வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, தொண்டையைச் செருமி, "தெரியாம எடுத்துட்டேன்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் அது பொய் என்று தெரிந்தது. அப்படிச் சுற்றுமுற்றும் பார்த்ததுதான் காட்டிக்கொடுத்தது. போன சனிக்கிழமையும் இப்படித்தான் பார்த்தேன். கை தானாகச் செய்யவில்லை. கிள்ளுவதற்கு முன்னால் தலையைத் திருப்பி, செல்வி பார்க்கிறாளா என்று பார்த்தேன். இல்லை என்று தெரிந்துகொண்டுதான் கிள்ளினேன். கடவுளைத் தேடி அவ்வளவு தூரம் போனவள், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவர் காட்டில் கைவைத்திருக்கிறேன்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஜெபத்துக்கு உரிய பாஷையெல்லாம் மறந்துபோயிற்று. முப்பது வருஷம் கூட இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தனை பேர் பெயரையும் காற்றில் வாசித்துக்கொண்டிருக்கிறேன், அவர்களுக்காவது வந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். உங்களை ரொம்பத் தேடுது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது, இலை ஒன்று மடியில் விழுந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அடிக்கவில்லை, விழவில்லை. திருமங்கலத்து வரப்பில் வந்து நின்றதுபோல யாரும் வந்து நிற்கவில்லை. ஆனால் நான் பேசப் பேசக் காடு கேட்டுக்கொண்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேச்சு எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. தொண்டை வறண்டபோதுதான் எழுந்தேன்.

போக நினைப்பவர்களுக்கான தகவல்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனம் வராது. தை, மாசி நல்ல காலம். சித்திரைக்கு மேல் வெயில் தாங்காது. பெண்கள் மேலூர் வரை கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் போய் மாறிக்கொள்ளலாம், அரை மணி நேரம் கூடும். தண்ணீர் எடுத்துப் போங்கள். ஆனால் பாட்டிலைக் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், ஆட்டோவிலேயே வையுங்கள். உள்ளே கழிப்பறை, கடை, சிக்னல் எதுவும் கிடையாது. மழை விட்ட காலத்தில் ஒட்டுகிற விதை அதிகம், சேலையைவிடச் சுடிதார் நல்லது. கடலைக் கொல்லை வழியாகக் குறுக்கே நடக்காதீர்கள், பாதை இருக்கிறது. ஊர்ப் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் செல்வி. ரீல்ஸ் எடுக்க வந்த ஒரு கூட்டம் போன வருஷம் பிஸ்கட் உறைகளைப் போட்டுவிட்டுப் போனதாம். உள்ளதை எடுக்கக் கூடாது என்றால் இல்லாததைப் போடவும் கூடாது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொட்டாம்பட்டி ஆட்டோக்காரர்களிடம் கோயில்காடு என்றால் போதும்.

நான் வெளியே வந்தபோது செல்வி எல்லையோரம் நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். அதற்குள் சாப்பாடா என்று நேரம் பார்த்தேன். 11.25. இருபது நிமிடம் பேசியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜமால் பாய் ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் முகம் வீங்கியிருந்திருக்க வேண்டும்.

"உள்ள வேற ஆளுக யாரும் போகலையே. இம்புட்டு நேரம் யாருகூட அக்கா சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீக?"

"தெரிஞ்சவர்தான்" என்றேன். "ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. யார் வீட்டிலும் நடப்பதுதானே என்பதுபோலத் தலையாட்டினாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"எங்கிட்டுச் சொல்றது? இங்க வரைக்கும் ஒங்க சத்தந்தேன் கேட்டுச்சு. நீங்க வாய மூடுனாத்தான அவரு பேச?"

ஜமால் பாயை எழுப்பி, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அதற்கும் சேர்த்துத் தந்துவிடுகிறேன் என்று சொன்னேன். திரும்ப நடந்து காட்டுக்குள் போய், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தேன்.